இருபத்து நான்கு அடி மனை

பக்கத்து வீட்டுக்காரரை நான் மூன்று முறை திருடன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை எழுத்தில், ஒரு முறை காய்கறி வண்டிக்காரர் முன்னால். எழுத்தில் 'ஆக்கிரமிப்பாளர்' என்று மரியாதையாகத்தான் போட்டேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தேழு வருடமாக மனு எழுதிப் பழகிய கை. எவ்வளவு கோபத்திலும் 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது' என்றுதான் ஆரம்பிக்கும். காய்கறி வண்டி முன்னால் அந்தப் பணிவெல்லாம் இல்லை.

அத்தனைக்கும் காரணம், எங்கள் வீட்டுக்கும் அவர்களுடைய சுற்றுச்சுவருக்கும் நடுவே இருந்த சந்து. அதன் அகலம் இரண்டே கால் அடி. என் கணவரின் சக்கர நாற்காலி இரண்டு அடி ஒரு அங்குலம். கணக்குப்படி நாற்காலி போகும். நாற்காலி மட்டும்தான் போகும். சக்கரத்தை உருட்டுகிற கைகள் போகாது. ஒரு நாள் நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அவர் முயன்று பார்த்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்தபோது சந்தின் பாதியில் சிக்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், மடியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

"எம்புட்டு நேரமா இங்க இருக்கீங்க?" என்றேன்.

"பேப்பர் முடிஞ்சிருச்சு" என்றார்.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். உசிலம்பட்டி ரூட்டில் பாதி, மேலூர் ரூட்டில் பாதி என்று முப்பது வருடம் நின்றுகொண்டே சம்பாதித்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாளும் விழாத மனிதர், லீவு நாளில், சொந்த ஸ்கூட்டரில், வேகத்தடைக்காக மெதுவாகப் போகும்போது விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லும்போது டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். இவர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

வாசல் வழியாகப் போனால் என்ன என்று கேட்பீர்கள். பழங்காநத்தத்தில் எங்கள் குறுக்குத் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். மாமனார் வீடு கட்டியபோது வீடு உயரம், தெரு பள்ளம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். இப்போது நாங்கள் வாசலில் நான்கு படி ஏறித்தான் தெருவுக்கே வருகிறோம். அந்தப் படிக்குப் பதிலாகச் சாய்வுப் பாதை போட்டால் அது சாக்கடையைத் தாண்டி நடுத்தெருவில் போய் முடியும். பின்வாசலில் இருந்து தெரு வரைக்கும் சந்து நாற்பது அடி நீளம். அதில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திச் சிமெண்டு போட்டால் நாற்காலி தானாக ஏறும். அகலம்தான் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று முறை அவரை நாற்காலியோடு இரண்டு பேர் வாசற்படியில் தூக்கினார்கள். தெருவே நின்று பார்த்தது. பரிதாபப்பட்டுத்தான் பார்த்தது, அதுதான் கஷ்டம். நான்காவது முறை "நான் வரலை" என்றார். அதோடு சரி. எட்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை. யாரும் தூக்காமல் தெருமுனை டீக்கடைக்குத் தானாகப் போய் ஒரு டீ குடிக்க வேண்டும், அது போதும் என்று ஒரு நாள் சொன்னார். அதையும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதும்.

பீரோவில் ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடும்போது வீட்டுப் பத்திரம் கையில் வந்தது. நான்கு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். எழுவாயை முதல் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனால் பயனிலை கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே நிற்கும். நடுவில் மனையின் அகலம் 'கிழமேல் இருபத்து நான்கு அடி' என்று இருந்தது. தையல் மிஷின் டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்திரண்டு. அடுத்த நாள் ஆபீஸில் இருந்து பெரிய டேப்பைக் கொண்டுவந்து அளந்தேன். இருபத்திரண்டு. மூன்றாவது முறை அளக்கும்போது கோபம் வந்துவிட்டதால் இருபத்தொன்றே முக்கால் வந்தது.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். காணாமல் போன இரண்டு அடி சுவருக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய துளசி மாடத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்து, மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். சௌராஷ்டிரா குடும்பம். அவரும் என் கணவரும் அரை டிராயர் காலத்தில் இருந்து சிநேகிதர்கள், ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வகையில் அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி மதினி. கல்யாணமாகி நான் வந்த இருபத்தாறு வருடத்தில் மதினி வீட்டு முள்ளுமுருங்கை வடை சுவர் மேலாக எத்தனை முறை வந்திருக்கும் என்பதற்கு அளவு கிடையாது.

"அண்ணே, உங்க செவரு எங்க இடத்துல ரெண்டடி இருக்கு" என்றேன்.

"எங்கப்பா கட்டுன செவரும்மா அது. அடுத்தவுங்க எடத்துல அவரு ஒரு செங்கல் வைக்க மாட்டாரு."

"ஒரு செங்கல் வைக்கலைண்ணே. அறுபதடிக்கு வச்சிருக்காரு."

அதோடு வடை நின்றுபோனது.

அடுத்த ஆறு மாதம் நான் மனுக்களால் வாழ்ந்தேன். காலையில் எழுந்தால் மனு நினைப்பு, ஆபீஸில் மதிய இடைவேளையில் மனு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அந்த மொழியில் எனக்கு உப்பு, தண்ணீர், சாப்பிட்டாச்சா ஆகிய மூன்றும் தெரியும். சண்டை வந்தபிறகு என்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்த மூன்றில் ஒன்றும் அதில் வரவில்லை.

எழுதிய மனுவை என் கணவரிடம் படித்துக் காட்டுவேன். "நல்லா இருக்கு" என்பார். ஒரு தடவை மட்டும், "திருடன்ங்கிற மாதிரி வேணாமே" என்றார்.

"திருடன் இல்லைங்க. ஆக்கிரமிப்பாளர்."

"ம்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் அளப்பதற்கு நாள் குறித்து நோட்டீஸ் வந்தது. சர்வேயர் காலை பத்து மணிக்கு வந்தார். தெருக்கோடியில் இருக்கிற அளவுக் கல்லில் இருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாருக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், தங்கள் வீட்டில் இரண்டு அங்குலம் கூடுமா என்று பார்க்க. இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு அவர்கள் வீட்டுக்குள் போய், துளசி மாடத்தை ஒட்டிச் சிவப்புப் பெயிண்டில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

"ரெண்டடி. செவரு அம்புட்டும் இங்கிட்டு வரணும்" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவா?" என்று மட்டும் கேட்டார், யாரிடம் என்று இல்லாமல். அவர் அப்பா செத்து இருபது வருடம் ஆகிறது. செத்த மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்ற முகம். அந்த நேரத்துக்காகவே ஆறு மாதமாக ஒரு வாக்கியத்தைத் தீட்டி வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

எங்கள் பின்கட்டு ஜன்னலில் இருந்து என் கணவர் குரல் வந்தது. பஸ்ஸின் பின்படிக்குக் கேட்கிற குரல், விபத்துக்குப் பிறகு நான் கேட்காதது.

"மாப்ள, எந்திரி. உங்கப்பா எடுக்கலை. எங்கப்பா குடுத்தது. நூல் பிடிச்சதே நான்தான்."

தெரு மொத்தமும் ஜன்னலைப் பார்த்தது. அங்கிருந்தே அவர் மீதியைச் சொன்னார்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு அப்பாக்களும் அருகருகே மனை வாங்கியிருக்கிறார்கள். இரண்டும் இருபத்து நான்கு அடி. எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மனையடி சாஸ்திரம் பார்க்காமல் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட மாட்டார்கள். இத்தனை அடி அகலம் என்றால் இன்ன பலன் என்று ஒவ்வொரு அடிக்கும் உண்டு. அது அறைக்குள் அளவுக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் தெருவில் மனைக்கும் பார்ப்பார்கள், எதற்கு வம்பு என்று. இருபத்து நான்கு அடிக்கு ஆயுள் குறையும். இருபத்தாறு அடி என்றால் இந்திரனைப் போல வாழலாம். இருபத்திரண்டு அடி என்றால் எதிரி அஞ்சுவான். இரண்டு பெரியவர்களும் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். இருபத்து நான்கும் இருபத்து நான்கும் நாற்பத்தெட்டு. இருபத்தாறும் இருபத்திரண்டும் நாற்பத்தெட்டு. எங்கள் மாமனார் இரண்டடி கொடுத்தார், அவர்கள் சுவர் கட்டும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். பத்திரத்தைத் திருத்தவில்லை; பத்திரத்தில் என்ன எண் இருக்கிறது என்று மனையடி பார்ப்பதில்லையாம். அப்போது என் கணவருக்குப் பதினெட்டு வயது. பக்கத்து வீட்டு அண்ணன் சூரத்தில் ஒரு கடையில் ஜவுளி வியாபாரம் பழகிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது சுவர் எழும்பி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

சர்வேயர் டேப்பைச் சுருட்டினார். "காகிதப்படி ரெண்டடி உங்களுது. மத்ததை நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லி, மதினி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மோர் எனக்கு வரவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். "ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை."

"ஆறு மாசமா மனு எழுதுறேன். பக்கம் பக்கமா படிச்சுக் காட்டுறேன். கேக்கலைங்கிறீங்க."

சக்கரத்தின் ரப்பரை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சண்டை போடுறப்ப நீ நல்லா இருந்த. அதுக்கு முன்னாடி டெய்லி பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுக்கிட்டு அழுத. தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்ச."

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் அவ்வளவு வேகமாக வராது என்பதை நானும் யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் கழித்து அந்த கேட்டைத் திறக்கிறேன். அண்ணன் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே. பெரியவரைப் பத்தி எழுதக்கூடாததெல்லாம் எழுதிட்டேன்" என்றேன். அழக்கூடாது என்று வந்தவள் அழுதுவிட்டேன்.

அவர் உடனே சமாதானம் சொல்லவில்லை. கொஞ்சம் அழவிட்டார், அது அவருக்குச் சேர வேண்டியதுதான். பிறகு சொன்னார்: "இருபத்திரெண்டடிக்கு எதிரி அஞ்சுவான்னு போட்டிருக்காமே. சரியாத்தாம்மா போட்டிருக்கு. ஆறு மாசமா காய்கறி வண்டி சத்தம் கேட்டா நான் வெளிய வாரதில்லை."

"இருபத்தாறடிக்கு இந்திரன்னு போட்டிருக்கு" என்றார் மதினி, சர்க்கரை மாத்திரையை அவர் கையில் கொடுத்துக்கொண்டே.

"ஏம்மா, உனக்கு எதுக்கு திடீர்னு அந்த ரெண்டடி? இருபத்தாறு வருசமா இல்லாம?" என்று கேட்டார் அவர்.

சந்தைப் பற்றிச் சொன்னேன். நாற்காலி, கை முட்டி, டீக்கடை எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இதை நீ ஒரு மனுலயும் எழுதலையே" என்றார்.

எழுதவில்லைதான். அத்தனை பக்கத்தில் சக்கர நாற்காலி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. பரிதாபப்பட்டு யாரும் இடம் கொடுக்க வேண்டாம், சட்டப்படி வரட்டும் என்று நினைத்தேன். தூக்கிவிடுவது பிடிக்காதது எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை.

"செவத்த நாளைக்கே இடிப்போம். மாப்ளைக்கு வழி இல்லாம எனக்கு ரெண்டடி எதுக்கு?" என்றார்.

"இடிச்சா இருபத்து நாலு வந்திருமே" என்றார் மதினி.

அவர்களுக்கும் இருபத்து நான்கு, எங்களுக்கும் இருபத்து நான்கு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு அடி வேகத்தடையில் என் புருஷனைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவருடைய ஆயுள் விஷயத்தில் நம்பாமல் இருக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. "ஆமா மதினி" என்றேன்.

மறுநாள் ஒரு கொத்தனாரை வரவழைத்தோம். அவர் மனையடியை மனப்பாடமாக வைத்திருந்தார். சந்தில் நின்று, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "ஒரு அடி மட்டும் தள்ளுனா உங்களுக்கு இருபத்து மூணு. நோய்" என்றார். "அவுகளுக்கு இருபத்தஞ்சு. வீட்டுக்காரிக்கு ஆகாது."

மதினி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அப்ப ஒன்றரை அடி தள்ளுனா?" என்றேன்.

அவர் யோசித்தார். "உங்களுக்கு இருபத்து மூணரை. அவுகளுக்கு இருபத்து நாலரை."

"அதுக்கு என்னண்ணே பலன்?"

"அரைக்குப் பலன் போடலைம்மா. முழு அடிக்குத்தான் போட்டிருக்கு."

"நல்லதா, கெட்டதா?"

"கண்டுக்காது" என்றார்.

உள்ளே இருந்து மதினி, "அண்ணனுக்கு காபி போடவா?" என்று கொத்தனாரைக் கேட்டார். அப்படியாக எல்லை முடிவானது. பத்திரத்துக்கும் சேராமல், சர்வேயர் கோட்டுக்கும் சேராமல், இரண்டு அப்பாக்கள் நூலுக்கும் சேராமல் நடுவில் ஓர் இடத்தில். எங்களுடைய அரை அடி இன்னும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இன்னொரு மனு எழுதினேன். பணிவுடன்தான் ஆரம்பித்தேன்.

ராகு காலம் பார்த்து ஒரு புதன்கிழமை இடித்தார்கள். நான்கு நாள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவரே இல்லை. நான் மாவு ஆட்டுவதை மதினி பார்த்தார், அண்ணன் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாமல் வாழைப் பாத்தியில் போடுவதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் போட்டு, என் கணவரோடு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தார். இரண்டு பேருக்கும் கொத்து வேலை தெரியாது. "மட்டம் சரியா இருக்கா?" என்று மணிக்கு ஒரு தடவை கேட்டார்கள். கொத்தனார் பதில் சொல்வதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார். புதுச்சுவர் எழும்பியது. சந்து மூன்றே முக்கால் அடி ஆனது. பின்வாசலில் இருந்து தெரு வரைக்கும் மெல்ல மெல்ல ஏறுகிற மாதிரி சிமெண்டு போட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் தலை வாரினார். வாட்ச் கட்டினார். எட்டு மாதமாக அவருக்கு நேரம் தேவைப்படவில்லை, அதனால் வாட்ச் நின்றுபோயிருந்தது. அப்படியே கட்டிக்கொண்டார். பின்வாசலில் நாற்காலியைத் திருப்பி, "போயிட்டு வாரேன்" என்றார்.

அந்த வார்த்தையை எட்டு மாதமாக எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, "வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க" என்றேன். பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தள்ளிவிடத் தோன்றும். ரப்பர் சக்கரம் சிமெண்டில் ஏறும் சத்தம் கேட்டது, நடுவில் ஒரு இடத்தில் நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. அப்புறம் தெருச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் கொதிக்கவைத்த குழம்பு ஆறி, மறுபடி கொதித்து, மறுபடி ஆறியது. விழுந்திருப்பாரோ, பிரேக் பிடித்திருக்காதோ, லாரி வந்திருக்குமோ என்று ஒன்று விடாமல் நினைத்து முடித்தபிறகு சந்தில் சக்கரச் சத்தம் கேட்டது. முகமெல்லாம் வேர்வையோடு உள்ளே வந்தார். மடியில் ஒன்றும் இல்லை.

"கொத்தமல்லி எங்க?"

"அடடா" என்றார். "மறந்துட்டேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வரத் துப்பில்லை, ஒன்றரை மணி நேரம் டீக்கடைல என்ன வெட்டி முறிச்சீங்க? இங்க ஒருத்தி உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, நினைப்பு இருந்துச்சா? ஊர்க்கதை பேச உக்காந்தா பொண்டாட்டி சொன்னது எங்க ஞாபகம் வரும்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே பொழப்புத்தான்..." என்று ஆரம்பித்து, இருபத்தாறு வருடத்துக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றபோதுதான் அவரைக் கவனித்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விபத்து நடந்த நாளில் இருந்து நான் இந்த மனுஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட மனசு வரவில்லை. சோற்றைச் சிந்தினாலும், டிவியை அலறவிட்டாலும், "பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "திட்டு."